பதினேழாம் பாடத்தின் மூன்றாவது நிபந்தனை

தமயந்தி தன் பாடங்களில் இரண்டு சொற்களுக்குத் தடை போட்டிருந்தாள். ஒன்று "இங்கே". இன்னொன்று "இதோ". கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் கண்ணுள்ள ஆசிரியர்களுக்கு இந்த இரண்டும் இல்லாமல் வாயே திறக்காது. "இதோ பாருங்கள், இங்கே இந்தப் பச்சையை அழுத்தினால் அது அங்கே போய்விடும்" என்று சொல்லிவிட்டு, கற்பித்து முடித்த திருப்தியோடு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத தமயந்தி அப்படிப்பட்டவர்களிடம் ஆறு வருடம் படித்தவள். எது இங்கே, எது அங்கே என்று தேடியே பாதி இளமை போயிற்று. அந்தக் கோபத்தில்தான் அவள் பாடம் செய்ய உட்கார்ந்தாள்.

பார்வையற்றவர்களுக்கான தொடக்க நிலை நிரல் பாடங்கள், மொத்தம் நாற்பது என்று திட்டம். ஈரோட்டில் மாடியறை ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்து, அங்கேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்து அனுப்பினாள். முதலில் ஒரு கூத்து நடந்தது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரலை அவள் எப்போதும் நான்கு மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். அந்தப் பழக்கத்தில் மூன்றாம் பாடம் முழுவதையும் அதே வேகத்தில் பதிவு செய்து அனுப்பிவிட்டாள். கேட்டவர்களுக்குப் பட்டாணி வறுக்கும் சத்தம்தான் கிடைத்தது. எழுபது பேர் திட்டி எழுதினார்கள். பாடத்தை மறுபடி பதிவு செய்து, மன்னிப்பும் கேட்டாள்.

அவள் செய்த நல்ல காரியம் ஒன்றும் உண்டு. நிரலில் எந்த வரி எதற்குள் அடங்கியது என்பதை வரிக்கு முன்னால் விடும் இடைவெளிதான் சொல்லும். கண்ணுள்ளவர்களுக்கு அது பார்த்ததும் புரிந்துவிடும். காதுக்கோ "எட்டு இடைவெளி, பன்னிரண்டு இடைவெளி" என்று குரல் ஒப்பித்து உயிரை வாங்கும். தமயந்தி அதற்கு ஸ்வரம் வைத்தாள். ஓரத்தில் தொடங்கும் வரிக்கு "ச". ஒரு படி உள்ளே போனால் "ரி". அதற்கும் உள்ளே "க", பிறகு "ம". ஒரு மாதம் பழகியவர்கள் நிரலைப் பாட்டு மாதிரி கேட்கத் தொடங்கினார்கள்.

மனிதர்கள் நிரல் எழுதுவது நின்றே பல வருடங்கள் ஆகியிருந்தன. என்ன வேண்டும் என்று வாயால் சொன்னால் எந்திரம் எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் பஸ், குடிநீர், ஆஸ்பத்திரி என்று பொதுமக்களைத் தொடும் எந்த நிரலையும் உரிமம் பெற்ற ஒரு மனிதர் சரிபார்த்துக் கையொப்பம் போட்ட பிறகே ஓட விடலாம் என்று சட்டம் இருந்தது. சரிபார்ப்பவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை. அந்த நிரல் என்ன செய்கிறது என்பதை எந்திரமே வண்ணப் படமாக வரைந்து காட்டும். அதற்குத் தெளிபடம் என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கையொப்பம் போட்டுவிடலாம். படம் பார்க்க முடியாதவர்கள் மட்டும் "எழுத்து வாசல்" என்ற வழியாக நிரலின் எழுத்துக்கே போய், வரி வரியாகக் காதால் கேட்டுச் சரிபார்த்தார்கள். தமயந்தியும் அப்படி உரிமம் பெற்றவள்தான். அவளிடம் படித்துக்கொண்டிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதற்காகத்தான் படித்தார்கள்.

அந்த வாசலைத்தான் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மூடப் போவதாக நிரல் சரிபார்ப்பு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பதினொரு நாள் இருந்தது. கடிதத்துக்குப் பின்னாலேயே வாரிய இயக்குநர் இளம்பரிதி போன் செய்தார்.

"மேடம், இது உங்களுக்கு நல்ல செய்திதான்," என்றார். "எழுத்து வாசலுக்குப் பதிலா படக்குரல் கொண்டுவரோம். தெளிபடத்துல என்ன இருக்குன்னு ஒரு குரல் உங்களுக்கு விவரிச்சுச் சொல்லும். எங்களுக்குச் சமமா நீங்களும் பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்."

"நான் திட்டம் போட்டு வெச்சிருக்கிற நாப்பது பாடத்தை என்னங்க சார் பண்றது?"

"அது இனிமே தேவைப்படாது. படக்குரலை எப்படிக் கேக்கறதுன்னு ஒரே ஒரு பாடம் செஞ்சு கொடுங்க. வாரியமே வெளியிடும், உங்க பேர் போட்டு."

"நிரலைக் கத்துக்கொடுக்காம, நிரலைப் பத்தி இன்னொருத்தர் சொல்றதைக் கேக்கக் கத்துக்கொடுக்கணுங்களா?"

"எல்லாரும் அதைத்தானே மேடம் செய்யறோம்."

"எல்லாரும் செய்யறாங்கன்னு நான் செய்ய மாட்டனுங்க சார். ஆட்சேபணை இருந்தா நேர்ல சொல்லலாம்னு கடிதத்துல போட்டிருக்கீங்க. வரேன்."

போனை வைத்துவிட்டு அவள் மாடியறைக்குப் போனாள். ஆறு வருடம் தேடித் தேடிக் கற்றதை மற்றவர்கள் தேடாமல் கற்க வேண்டும் என்று அவள் பாடுபட்டிருந்தாள். அதை ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாகக் குப்பையில் போடுவது அவளுக்குத் தாங்கவில்லை. கோபத்தை எதில் காட்டுவது என்று தெரியாமல் பதினேழாம் பாடத்தை முடிக்க உட்கார்ந்தாள்.

அவசரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தாள். பதினேழாம் பாடம் நிபந்தனைகளைப் பற்றியது. இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய் என்கிற வரிகள். பயிற்சிக்கு ஒரு மாவட்டத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முறை ஒதுக்கும் உண்மையான நிரலைக் கொடுத்து, அதில் எத்தனை நிபந்தனை இருக்கிறது என்று எண்ணச் சொன்னாள். விடை எழுத வேண்டிய நேரத்தில் பொறுமை இல்லை. மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து சாப்பிட வந்த கணவன் மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இந்தத் தெளிபடத்துல எத்தனை கிளை பிரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு புள்ள. ஒண்ணு நீலம், ஒண்ணு ஆரஞ்சு. பாக்க நல்லாத்தான் இருக்குது," என்றான் அவன்.

விடை: இரண்டு. அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை மாணவி ஜெபக்கனி கூப்பிட்டாள். தூத்துக்குடி பக்கம் நாசரேத்துக்காரி, ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி மேசையில் இருந்தவள். அந்த மேசையை எந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, எடுத்துக்கொண்டதையே கற்றுக்கொள்வது என்று பிடிவாதமாகப் படிக்க வந்தவள். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் விடமாட்டாள்.

"டீச்சர், ஒங்க விடை தப்பு. மூணு இருக்கு."

"ரெண்டுதானுங்க அக்கா. மறுபடி எண்ணிப் பாருங்க."

"ஏழு தடவ எண்ணியாச்சு. ரி-ல ஒண்ணு, க-ல ஒண்ணு. அதுக்கும் உள்ள ம-ல ஒண்ணு கெடக்கு. நான் முப்பது வருசமா கோயில் பாட்டுக்குழுவுல பாடுதேன் டீச்சர். எனக்கு ம எதுன்னு தெரியாதா?"

தமயந்தி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். புதிதாகப் படிப்பவர்கள் இப்படித்தான் எந்திரம் கண்டுகொள்ளாத குறிப்பு வரியையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு விடைகள் வந்தன. முப்பத்தெட்டுப் பேர் மூன்று என்று எழுதியிருந்தார்கள். சிரிப்பு நின்றது. எழுத்து வாசலைத் திறந்து, வேகத்தைக் குறைத்து, தன் மாணவர்கள் கேட்பது போல ஒவ்வொரு வரியாகக் கேட்டாள்.

ச. ரி. பதிவு செய்திருந்தால் வரிசைப்படி முறை கொடு. க. உடல்நிலை மோசமானால் முன்னால் கொண்டுவா. ம. இரண்டு முறை தொடர்ந்து வராமல், அழைத்தபோது போனும் எடுக்காவிட்டால், தானாக விலகியவர் என்று எழுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

அவளுக்கு முகம் எரிந்தது. எழுத்தைக் கேள், எழுத்தைக் கேள் என்று பதினாறு பாடமாகத் தொண்டை கிழியச் சொன்னவள், பதினேழாவதில் படத்தை நம்பியிருக்கிறாள். ஜெபக்கனியும் மற்றவர்களும் அவளை நம்பியிருந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மூன்றை இரண்டு என்று கற்றிருப்பார்கள். அவமானத்தோடு ஜெபக்கனியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரிங்க. நான் எண்ணவே இல்ல. எங்க வீட்டுக்காரர் படத்தைப் பாத்துச் சொன்னதைப் போட்டுட்டேன்."

"அது போட்டும் டீச்சர். டயாலிசிஸ்னா வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு தடவ ரெத்தம் சுத்தம் பண்ணணும்லா? பட்டியல்லருந்து எடுத்துட்டா அவிய கதி?"

தமயந்தி போனை வைக்காமல் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். சரிபார்ப்பவர் என்ற முறையில் அந்த நிரலின் பதிவேட்டைத் திறக்க அவளுக்கு உரிமை உண்டு. திறந்தாள். அறுநூற்றுச் சொச்சம் நோயாளிகளில் நான்கு பேர் "தானாக விலகியவர்" என்று இருந்தது. நால்வரும் மலை ஊர்க்காரர்கள். அந்தப் பக்கம் மழை பெய்தால் பஸ்ஸும் வராது, போனும் எடுக்காது.

"நம்பரக் குடுங்க. போன் பண்ணுதது நம்ம தொழிலுதான்," என்றாள் ஜெபக்கனி.

இரண்டு நாள் விடாமல் முயன்று நான்கு வீடுகளையும் பிடித்துவிட்டாள். பிறகு தமயந்தியைக் கூப்பிட்டபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு வீட்டுலதான் டீச்சர் அவரே போன எடுத்தாரு. மச்சான் கோயம்புத்தூர்ல சேத்தாராம். மத்த மூணு வீட்டுலயும் பொஞ்சாதிதான் எடுத்தா."

தமயந்தி இளம்பரிதிக்குப் போன் செய்தாள். படம் ஏன் பொய் சொல்கிறது என்று கேட்டாள்.

"பொய் இல்ல மேடம்," என்றார் அவர். "ஒரு நிரல்ல ஆயிரம் கிளை இருக்கும். அத்தனையும் வரைஞ்சா எந்த மனுஷனாலும் பாக்க முடியாது. அதனால நூத்துல ஒண்ணுக்கும் கம்மியா நடக்கிறதைத் தெளிபடம் வரையாது. கண்ணுக்குச் சிரமம் இல்லாம இருக்கணும்னு அப்படி ஒரு ஏற்பாடு. தொடக்கத்துலேருந்தே இருக்கு."

"அதுல மூணு பேர் செத்துட்டாங்க சார்."

"அந்த நிரலை இன்னைக்கே நிறுத்திச் சரிபண்றோம். உங்களுக்கு வாரியம் கடமைப்பட்டிருக்கு," என்றார். "ஆனா மேடம், இதுமாதிரி ஒண்ணு ரெண்டு இருக்கலாம். அதுக்காக மொத்த ஏற்பாட்டையும் மாத்த முடியாது."

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

"எப்படி மேடம் எண்ணறது? எழுத்தைப் படிக்கிற ஆள் எங்ககிட்ட இல்லையே."

"என்கிட்ட முந்நூத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்க."

"அவங்க கத்துக்குட்டிங்க மேடம். பொது நிரலை எல்லாம் அவங்ககிட்ட கொடுத்தா உங்க உரிமத்துக்கே சிக்கல் வரும்."

"பொது நிரலை யாரு வேணும்னாலும் கேக்கலாம்னு சட்டம் இருக்குதுங்க. ஒண்ணாந்தேதி வரைக்கும் வாசல் திறந்துதான இருக்குது," என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கே பதினெட்டாம் பாடத்தை அனுப்பினாள். அவள் செய்ததிலேயே சின்னப் பாடம் அதுதான். "ஆளுக்கு ஒரு நிரல் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நம் ஊர்களில் இப்போது ஓடிக்கொண்டிருப்பவை. எழுத்தில் எத்தனை நிபந்தனை என்று எண்ணுங்கள். பிறகு கண்ணுள்ள யாரையாவது பிடித்துத் தெளிபடத்தில் எத்தனை என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள். சென்ற பாடத்தின் விடையை நான் தப்பாகக் கொடுத்தேன். என்னையும் நம்ப வேண்டாம்."

மாதேஸ்வரன் மட்டும் கவலைப்பட்டான். "உரிமத்தைப் புடுங்கிட்டாங்கன்னா என்ன புள்ள பண்ணுவ?"

"வாசலை மூடிட்டா உரிமத்தை வெச்சு நான் என்னங்க பண்றது? வத்தல் காயப்போடறதா?"

விடைகள் வரத் தொடங்கின. பள்ளிச் சேர்க்கை, கிணற்று மின்சாரம், முதியோர் பஸ் பாஸ், காணாமல் போனவர்கள் பதிவு. தங்கள் ஊரில் தங்களுக்கே என்ன நடக்கிறது என்று அவர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள். சிலர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை, வாரியத்தைத் திட்டியும் எழுதியிருந்தார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை.

இருபத்தெட்டாம் தேதி சென்னையில் விசாரணை. தமயந்தியும் மாதேஸ்வரனும் காலை ரயிலில் போனார்கள். வாரியக் கூடத்தில் குளிரூட்டி பலமாக ஓடியது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து நாற்காலிகள் நகரும் சத்தத்தை அவள் எண்ணிக்கொண்டாள். பேசியது இளம்பரிதி மட்டும்தான்.

"மேடத்தோட உழைப்பை வாரியம் மதிக்குது. ஆனா இந்த முடிவு தனிப்பட்ட விருப்பு வெறுப்புல எடுத்தது இல்ல. ஓர் ஏற்பாட்டைத் தொடர்ந்து நடத்தணும்னா அதை யாராவது பயன்படுத்தணும்." விரல் திரையில் தட்டும் சத்தம் கேட்டது. "போன வருஷம் எழுத்து வாசலைப் பயன்படுத்தினவங்க எத்தனை பேருன்னு அறிக்கை கேட்டோம். அதுல யாரும் இல்ல."

"அந்த அறிக்கையை யாருங்க சார் எழுதினது?" என்று கேட்டாள் தமயந்தி.

"எந்திரம்தான்."

"நீங்க பாத்தது?"

"தெளிபடம்..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நான் யாருங்க சார்?"

அவள் எழுந்து நின்றுகொண்டாள்.

"கடிதத்தோட வந்த அந்த அறிக்கையோட எழுத்தை ரயில்ல வரும்போது கேட்டேனுங்க. நானூத்தி ஏழு பேருன்னு தெளிவா இருக்குது. சரிபாக்கறவங்க மொத்தம் ஒரு லட்சம் பேரு. ஆயிரத்துக்கு நாலு பேருதான் நாங்க. உங்க படம் எங்களை வரையாது. டயாலிசிஸ் பட்டியல்ல மலைக்காரங்களை வரையலைன்னு நான் சண்டைக்கு வந்தேன். இங்க வந்து பாத்தா என்னையும் வரையலை. இல்லாத ஆளுக்கு எதுக்குக் கடிதம் போட்டீங்க, எதுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டீங்க?"

கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். உங்களுக்காக அச்சடித்தேன், எனக்கு இது வெறும் தாள் என்றாள்.

"முந்நூத்துப் பன்னெண்டு நிரல் கேட்டிருக்கோம். நாப்பத்தி ஏழுல படத்துல இல்லாத கிளை இருக்குது. எங்கெங்க, எந்த வரின்னு போட்டிருக்கு. கேட்டது எல்லாம் கத்துக்குட்டிங்க. பாதிப் பேரு மூணு மாசத்துக்கு முன்னாடி நிரல்னா என்னன்னே தெரியாதவங்க. ஒண்ணாந்தேதி வாசலை மூடிக்கங்க சார். ஆனா மூடறதுக்கு முன்னாடி இந்த நாப்பத்தி ஏழையும் யாரு கேப்பாங்கன்னு எழுத்துல எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுங்க. படமா வேண்டாம்."

வாசல் மூடப்படவில்லை. முதலில் தேதியைத் தள்ளி வைத்தார்கள். பிறகு கடிதமே இல்லை என்று ஆயிற்று. பத்திரிகைக்காரர்கள் நான்கு பேர் வந்து தமயந்தியின் கறுப்புக் கண்ணாடியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நிரலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இளம்பரிதி ஈரோட்டுக்கே வந்தார். வாரிய வண்டியில் வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். மாதேஸ்வரன் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வெகுநேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே சரிபாக்கற எல்லாரும் எழுத்தைக் கேக்கத் தெரிஞ்சிருக்கணும்னு வாரியம் முடிவு பண்ணியிருக்கு மேடம். ஒரு லட்சம் பேர். அவங்களுக்கு நீங்க பாடம் செஞ்சு தரணும். கண்ணுள்ளவங்களுக்கு ஏத்த மாதிரி, தனியா. கொஞ்சம் வண்ணம், கொஞ்சம் படம் வெச்சு."

"பாடம் ஏற்கெனவே இருக்குதுங்களே சார். நாப்பதும் முடிச்சாச்சு."

"அது உங்களுக்கானது."

"தனியா எல்லாம் செய்ய மாட்டனுங்க," என்றாள் தமயந்தி. "தனியா ஒரு வாசல் வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒருத்தர் வந்து, இது யாருக்கு வேணும்னு கேட்டு மூடிருவாரு. வேணும்னா இதே பாடத்துல வந்து உக்காரச் சொல்லுங்க. ஒண்ணாம் பாடத்துலேருந்து. ஒரு லட்சம் பேரும்."

"அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும் மேடம். காதால கேட்டுப் பழக்கம் இல்ல."

"இருக்கட்டுங்க. பழகிக்குவாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த டயாலிசிஸ் நிரலுக்குக் கையொப்பம் போட்டது நான்தான் மேடம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. பத்து நிமிஷம்கூட ஆகல. நீலமும் ஆரஞ்சும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

தமயந்திக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த மூன்று வீடுகளை நினைத்ததும் அது போயிற்று. பிறகு, தானும் அதே படத்தை நம்பி விடை எழுதியவள்தானே என்று தோன்றியது. அதனால் ஆறுதலாக ஒன்றும் சொல்லாமல், மாணவர் பட்டியலைத் திறந்து அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஜெபக்கனி கூப்பிட்டாள். இப்போது பயிற்சி விடைகளைத் திருத்துவது அவள் வேலை.

"டீச்சர், புதுசா ஒரு ஆளு சேந்திருக்காருல்லா, சென்னைக்காரரு. மூணு தடவ அனுப்பிட்டாரு, மூணும் தப்பு. ரி-யும் க-வும் ஒண்ணுபோல கேக்குதாம். விசாரிச்சேன், கண்ணு நல்லாத் தெரியுமாம். அதான் பாவம், காது மந்தமாப் போச்சு. நீங்க ஒண்ணும் திட்டிராதீய. மெதுவாத்தான் வருவாரு, நான் பாத்துக்கிடுதேன்."